மேற்பலகையும் தந்தியும்: கிட்டார் ஒலியில் மரத்தின் பங்கு எவ்வளவு?

கிட்டார் கடையில் விலைச்சீட்டுக்கு அடுத்தபடியாக வாடிக்கையாளர் கண் போவது மரத்தின் பெயர் மேல்தான். ரோஸ்வுட்டா, மஹாகனியா, மேப்பிளா என்ற கேள்வியோடுதான் பேச்சு தொடங்கும். அமெரிக்காவின் மார்ட்டின் நிறுவனம் 1930களிலிருந்து செய்துவரும் டி-18, டி-28 என்ற இரு கிட்டார்கள் இதற்குத் தகுந்த எடுத்துக்காட்டு. இரண்டுக்கும் ஒரே உருவம், ஒரே அளவு, ஒரே வகை ஸ்ப்ரூஸ் மேற்பலகை. டி-18இன் முதுகும் பக்கங்களும் மஹாகனி, டி-28இல் ரோஸ்வுட். விலை கூடியது டி-28. மஹாகனியின் ஒலி நேரடியானது, சுருக்கமானது; ரோஸ்வுட்டின் ஒலி ஆழமானது, நீண்டு நிற்பது என்று வாசிப்பவர்கள் பல தலைமுறைகளாகச் சொல்லி வருகிறார்கள்.

இந்தத் தீர்ப்பு முழுக்கப் பொய் என்று சொல்ல முடியாது. ஆனால் அதன் எடை மிகைப்படுத்தப்பட்டது. அக்கூஸ்டிக் கிட்டாரின் ஒலியை முதலில் நிர்ணயிப்பது மேற்பலகை. அடுத்து அதன்மேல் ஏறி நிற்கும் தந்தி. அதற்கும் பிறகுதான் முதுகு மரம். சந்தை இந்த வரிசையைத் தலைகீழாக வைத்திருக்கிறது. அதனால் வாங்குபவரின் காசு தவறான இடத்தில் செலவாகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும், இந்திய ரோஸ்வுட் எனப்படும் ஈட்டி மரம் வரை அதன் விளைவு நீள்கிறது. எனவே இது ரசனையோடு முடிந்துவிடும் பேச்சு இல்லை.

தந்தியிலிருந்து காற்றுக்கு

தனியாக ஒரு கம்பியை இரண்டு ஆணிகளுக்கு நடுவே இழுத்துக் கட்டி மீட்டினால் ஒலி காதுக்கு எட்டுவதே அரிது. மெல்லிய கம்பி அசையும்போது காற்று அதன் இருபுறமும் நழுவிப் போய்விடுகிறது. காற்றைத் தள்ள அகலமான ஒரு பரப்பு வேண்டும். கிட்டாரில் அந்தப் பரப்பு மேற்பலகை. தந்தியின் அதிர்வு, அதைப் பலகையோடு பிணைக்கும் பிரிட்ஜ் வழியாக அதற்குள் இறங்குகிறது. பலகை முன்னும் பின்னும் அசைந்து காற்றைத் தள்ளுகிறது.

கிட்டாரின் உடல் ஒலிக்கு ஆற்றல் எதையும் சேர்ப்பதில்லை. விரல் தந்திக்குக் கொடுத்த ஆற்றல்தான் மொத்த முதல். அதை எவ்வளவு வேகமாகச் செலவழிப்பது என்பதை மட்டுமே உடல் தீர்மானிக்கிறது. எளிதில் அசையும் இலேசான பலகை முதலைச் சட்டென்று கரைத்துவிடும்: ஒலி உரக்க எழுந்து விரைவில் அடங்கும். கனத்த, விறைத்த பலகை சிக்கனக்காரன்: ஒலி குறைவு, ஆனால் நீண்டு நிற்கும். நல்ல கிட்டார் என்று நாம் சொல்வது இவ்விரண்டுக்கும் இடையே ஒருவர் எட்டிய சமரசம்.

உடலுக்கென்று சில இயல்பான அதிர்வெண்கள் உண்டு. பெட்டிக்குள் இருக்கும் காற்று ஒலித்துளை வழியே உள்ளும் வெளியும் ஊசலாடும் அதிர்வெண் பெரும்பாலான கிட்டார்களில் 100 ஹெர்ட்ஸை ஒட்டியிருக்கும். மேற்பலகை முழுதாக உப்பித் தாழும் அதிர்வு ஏறக்குறைய 200 ஹெர்ட்ஸில் அமையும். ஆறாவது தந்தியின் திறந்த சுரம் 82 ஹெர்ட்ஸ். முதல் தந்தியின் திறந்த சுரம் 330. கீழ்ச்சுரங்களுக்கு உடம்பு கொடுப்பவை இந்த இரு அதிர்வுகள்தாம். இவை எங்கே விழுகின்றன என்பதைப் பெட்டியின் கொள்ளளவு, ஒலித்துளையின் அளவு, மேற்பலகையின் எடை, விறைப்பு ஆகியவை முடிவு செய்கின்றன. முதுகான பின்பலகைக்கு அதிர்வு போவது உள்ளிருக்கும் காற்றின் வழியாகவும் பக்கப் பலகைகளின் வழியாகவும்தான். தந்திக்கும் அதற்கும் நேரடித் தொடர்பு கிடையாது.

மேற்பலகை: இலேசும் விறைப்பும்

மேற்பலகைக்கு வேண்டிய இரண்டு குணங்கள் பொதுவாக ஒன்றாகக் கிடைப்பதில்லை. 70 கிலோவுக்கு மேலான தந்தி இழுப்பைத் தாங்கும் விறைப்பு வேண்டும்; சிறு விசைக்கும் அசையும் இலேசும் வேண்டும். இரண்டையும் சேர்த்துத் தருவது ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரம். அதன் கட்டையில் பெரும்பகுதி நீளவாட்டில் அடுக்கிய உள்ளீடற்ற நுண்குழாய்கள். அதனால் கன மீட்டருக்கு 400 முதல் 450 கிலோ எடையிலேயே, நீளவாட்டில் ஒலி நொடிக்கு 5,000 மீட்டருக்கு மேலான வேகத்தில் ஓடுகிறது. காற்றில் அந்த வேகம் சுமார் 340 மீட்டர்தான். குறுக்குவாட்டில் விறைப்பு நீளவாட்டில் இருப்பதில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு.

ஒரு மரத்தில் ஒலி ஓடும் வேகத்தை அதன் அடர்த்தியால் வகுத்தால் கிடைக்கும் எண், அந்த மரம் எவ்வளவு தாராளமாக ஒலியை வெளியே விடும் என்பதற்கு நல்ல அளவுகோல். ஸ்ப்ரூஸுக்கு இந்த எண் இந்திய ரோஸ்வுட்டைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். கன மீட்டருக்கு 800 கிலோவைத் தாண்டும் ரோஸ்வுட்டில் மேற்பலகை செய்வது அரிது. அதன் காரணம் இதுதான்.

ஸ்ப்ரூஸிலும் இனங்கள் உண்டு. இரண்டாம் உலகப்போர் முடியும்வரை மார்ட்டின் கிட்டார்களில் அமெரிக்கக் கிழக்குப் பகுதியின் அடிராண்டாக் ஸ்ப்ரூஸே வழக்கம். பெரிய மரங்கள் தீர்ந்ததும் அலாஸ்கா, பிரிட்டிஷ் கொலம்பியாக் கரையோரத்தின் சிட்கா ஸ்ப்ரூஸ் அந்த இடத்துக்கு வந்தது. இன்று உலகில் மிகுதியாகப் புழங்குவது சிட்காதான். நைலான் தந்திக் கிட்டாரில் 1960களின் நடுவில் மாட்ரிட்டின் மூன்றாம் ஹோசே ராமிரெஸ் மேற்கத்திய செஞ்சீடர் மரத்தைக் கொண்டுவந்தார். சீடர் ஸ்ப்ரூஸைவிட இலேசு, மென்மை. மெதுவாக மீட்டினாலே விரிந்து ஒலிக்கும். பலமாக மீட்டினால் ஸ்ப்ரூஸ் அளவுக்கு ஈடு கொடுக்காது என்பது வாசிப்பவர்களின் பட்டறிவு.

மரத்தின் பெயரைவிட அதை அறுத்த விதம் முக்கியம். கட்டையை ஆரவாட்டில் பிளந்து அறுத்தால் ஆண்டு வளையங்கள் பலகையின் முகத்துக்குச் செங்குத்தாக நிற்கும். குறுக்குவாட்டு விறைப்பு கூடும், ஈரத்தில் கோணுவதும் குறையும். அப்படி அறுத்த ஒரே துண்டை ஏடு பிரிப்பதுபோல் இரண்டாகப் பிளந்து, நடுவில் ஒட்டி, இருபுறமும் ஒன்றுபோல் இருக்கும்படி மேற்பலகை செய்கிறார்கள். இதற்கு ஒரு பாதியின் அகலமே 20 சென்டிமீட்டர் வேண்டும். முடிச்சில்லாத அந்த அகலம் நூற்றாண்டுகள் நின்று பருத்த மரத்தில்தான் கிடைக்கும்.

ஒரே மரத்திலிருந்து அறுத்த இரண்டு பலகைகளே ஒன்றுபோல் இருப்பதில்லை. ஆகவே நல்ல கைவினைஞர் பலகையின் பெயரை நம்பி வேலை செய்வதில்லை. பலகையின் ஓர் ஓரத்தை இரு விரலால் தொங்கவிட்டு, நடுவில் விரல் கணுவால் தட்டிக் கேட்பார். ஒலி கணீரென்று நிற்கிறதா, தொப்பென்று விழுகிறதா என்று பார்ப்பார். பிறகு இரு கட்டைவிரலையும் பலகையின் பின்புறத்தில் ஊன்றி, முதலில் நீளவாட்டிலும் பின் குறுக்காகவும் வளைத்துப் பார்ப்பார். இழைப்பு இதன் பிறகுதான். பலகையின் விறைப்பு தடிமனின் மும்மடிக்கு ஏற்ப மாறும். 3 மில்லிமீட்டர் பலகையை 2.7 ஆக இழைத்தால் தடிமன் பத்து விழுக்காடுதான் குறையும். விறைப்போ 27 விழுக்காடு குறையும். ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லாத இந்தச் சீவல், ஸ்ப்ரூஸின் ஓர் இனத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறுவதைவிடப் பெரிய மாற்றத்தைச் செய்துவிடும்.

உட்புறம் ஒட்டும் தாங்குசட்டங்களும் அப்படித்தான். ஸ்பெயினின் அந்தோனியோ தெ தோரெஸ் விசிறிபோல் விரியும் சட்டங்களைச் செம்மைப்படுத்தினார். ஜெர்மனியிலிருந்து 1833இல் நியூயார்க் வந்து, பிறகு பென்சில்வேனியாவின் நாசரேத்துக்குக் குடிபெயர்ந்த மார்ட்டின் குடும்பத்தின் பட்டறையில் 1840களில் பெருக்கல் குறி வடிவச் சட்டம் உருவாகி நிலைத்தது. தந்தி இழுப்பு கூடிய பிற்காலத்தில் எஃகுத் தந்திக் கிட்டாருக்கு அதுவே பொது இலக்கணமாயிற்று.

மலிவான கிட்டார்களின் ஒட்டுப்பலகை மேற்பலகைக்கு உள்ள குறை இங்கே தெளிவாகும். ஒட்டுப்பலகையில் அடுக்குகள் ஒன்றுக்கொன்று குறுக்காக ஒட்டப்படுகின்றன. நீளவாட்டு விறைப்பு என்ற ஸ்ப்ரூஸின் தனிச்சிறப்பு அதனால் அடிபடுகிறது. பசை எடையைக் கூட்டி அதிர்வை விழுங்குகிறது. பலகை உடையாது, ஈரத்துக்கு அசையாது. ஆனால் ஒலியும் அதே அளவுக்கு அடங்கிவிடும். கடைக்காரர்கள் ‘சாலிட் டாப்’, அதாவது அடுக்கி ஒட்டாத முழுமர மேற்பலகை, என்று அழுத்திச் சொல்வது வெறும் விற்பனைப் பேச்சு இல்லை.

பின்பலகை: நான்கு சான்றுகள்

முதல் சான்று, முதுகு மரம் குறித்த நம்பிக்கையைச் சோதித்த தோரெஸ். ஒலி மேற்பலகையில்தான் இருக்கிறது என்பது அவர் கருத்து. அதை மெய்ப்பிக்க 1862இல் ஒரு கிட்டார் செய்தார். மேற்பலகை வழக்கமான ஸ்ப்ரூஸ். முதுகும் பக்கங்களும் காகித அட்டை. அந்தக் கிட்டார் இன்றும் பார்சலோனாவின் இசை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நவீன கிட்டாரின் தந்தை என்று போற்றப்படுபவர் அட்டையில் கிட்டார் செய்து காட்டியதைக் கைவினைஞர்கள் மறக்கவில்லை. சந்தைதான் வசதியாக மறந்துவிட்டது.

இரண்டாவது சான்று தொழிற்சாலையிலிருந்து வந்தது. ஹெலிகாப்டர் பொறியாளரான சார்லஸ் கேமன் 1960களின் நடுவில் ஓவேஷன் கிட்டாரை உருவாக்கினார். அதன் முதுகு கண்ணாடியிழையில் வார்த்த வளைந்த கிண்ணம். மேற்பலகை மட்டும் ஸ்ப்ரூஸ். அதன் ஒலி சிலருக்குப் பிடித்தது, சிலருக்குப் பிடிக்கவில்லை. ஆனால் மேடைகளில் பல பத்தாண்டுகள் அது கிட்டாராகவே ஒலித்தது. மூன்றாவது, 1995இல் கலிபோர்னியாவின் கிட்டார் தயாரிப்பாளர் பாப் டெய்லர் செய்தது. சரக்கு ஏற்றும் பழைய மரத்தட்டு ஒன்றை உடைத்து, அதன் ஓக் பலகைகளில் முதுகும் பக்கங்களும் செய்தார். ஆணித் துளைகளை மறைக்கவில்லை. அவற்றில் அலுமினிய வட்டுகளைப் பதித்தார். விரற்பலகையில் பாரந்தூக்கி வண்டியின் உருவத்தைப் பதித்து வைத்தார். கிட்டாரின் ஒலி மரத்தின் பெயரைவிடச் செய்பவரின் வடிவமைப்பிலும் கையிலும் இருக்கிறது என்று காட்டுவதே நோக்கம்.

இவை மூன்றும் தனித்தனிக் கருவிகள். ஒப்பிட்டுச் சோதித்தது நான்காவது ஆய்வு. இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சாமுவேல் கர்க்காஞ்ஞோவும் அவருடைய குழுவினரும் 2018இல் அமெரிக்க ஒலியியல் கழகத்தின் ஆய்விதழில் அதை வெளியிட்டார்கள். ஃபைல்ட் கிட்டார்ஸ் பட்டறையின் ரோஜர் பக்னல் ஆறு எஃகுத் தந்திக் கிட்டார்களைச் செய்து கொடுத்தார். வடிவமும் பிற பொருள்களும் ஒன்றே. முதுகும் பக்கங்களும் மட்டும் பிரேசில் ரோஸ்வுட், இந்திய ரோஸ்வுட், மஹாகனி, மேப்பிள், சபேலி, வால்நட் என்று வேறு வேறு. விலையிலும் கிடைப்பதிலும் இவற்றுக்குள் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம்.

மங்கிய வெளிச்ச அறையில், வெல்டிங் செய்பவர்கள் அணியும் கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு 52 கிட்டார் கலைஞர்கள் அந்த ஆறையும் வாசித்து மதிப்பெண் இட்டார்கள். ஒலித்தரத்துக்குக் கிடைத்த மதிப்பெண்கள் ஆறுக்கும் ஏறக்குறைய ஒன்றே. 31 பேர் கலந்துகொண்ட இன்னொரு சோதனையில், கண்ணை மறைத்த நிலையில் ஒரு கிட்டாரை இன்னொன்றிலிருந்து பிரித்தறிவதே அவர்களுக்கு எளிதாக இல்லை. பிரிட்ஜில் கருவி வைத்து அளந்தபோது தெரிந்த சிறு வேறுபாடுகளையும், பெரும்பாலும் கைவேலையில் தவிர்க்க முடியாத ஏற்ற இறக்கம் என்றே விளக்க முடிந்தது.

ஒரே பட்டறை, ஒரே வடிவம் என்பது இந்த ஆய்வின் எல்லை. முதுகை மிக மெல்லியதாக்கி, மேற்பலகையோடு சேர்ந்து அதிரும்படி செய்யும் கைவினைஞர்கள் இருக்கிறார்கள். அங்கே அதன் எடையும் விறைப்பும் கூடுதலாகக் கணக்கில் வரும். அந்த எடையையும் விறைப்பையும் வேறு மரங்களாலும் தர முடியும் என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது. தவிர, கிட்டாரை மடியில் வைத்து வாசிப்பவரின் வயிறு பாதி நேரம் அந்த முதுகை ஒட்டித்தான் இருக்கிறது. ரோஸ்வுட்டின் நுட்பமான அதிர்வுகளில் கணிசமான பகுதி சட்டைத் துணியில் முடிந்துவிடுகிறது.

அப்படியானால் இத்தனை தலைமுறை வாசித்தவர்களின் காது பொய் சொன்னதா? காது தனியாக வேலை செய்வதில்லை என்பதே விடை. விலை கூடிய மரத்தைத் தொழிற்சாலைகள் பெரும்பாலும் சாதாரண மேற்பலகையோடு ஒட்டுவதில்லை. நல்ல ஸ்ப்ரூஸ், தேர்ந்த கை, நுணுக்கமான மெருகு எல்லாம் பெரும்பாலும் ரோஸ்வுட் கிட்டாருக்கே போகின்றன. கேட்பவர் அந்த மொத்தத்தையும் கேட்டுவிட்டுப் புகழை முதுகுக்குக் கொடுக்கிறார். கருஞ்சிவப்பில் கோடு ஓடும் அந்த முதுகைக் கண்ணும் முன்கூட்டியே பார்த்துவிடுகிறது.

தந்தி: குடல், நைலான், எஃகு

ஒரு தந்தியின் சுரத்தை நிர்ணயிப்பவை மூன்று: நீளம், இழுப்பு, நீள அலகுக்கு உள்ள எடை. 1636இல் பிரெஞ்சுத் துறவி மரீன் மெர்சென் வெளியிட்ட விதி இது. கிட்டாரில் நீளமும் சுரமும் மாறாதவை. ஆகவே தந்தி தடித்தால் இழுப்பும் அதன் தடிமனின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடியே ஆக வேண்டும். அங்குலத்தின் ஆயிரத்தில் 10 பங்கு தடித்த முதல் தந்தி வழக்கமான நீளக் கிட்டாரில் ஏறக்குறைய 7.3 கிலோ இழுக்கும். 12 என்றால் 10.5 கிலோ, 13 என்றால் 12.4 கிலோ. பன்னிரண்டிலிருந்து பதின்மூன்றுக்குப் போவது கையால் தடவினால் தெரியாத மாற்றம். பிரிட்ஜுக்கோ அது 17 விழுக்காடு கூடுதல் சுமை.

தடித்த தந்தி கூடுதல் ஆற்றலைச் சேமித்து மேற்பலகையைப் பலமாக அசைக்கும். ஒலி உரக்க வரும். விரலுக்கு வேலையும் அதற்கேற்ப ஏறும். மெல்லிய தந்தி எளிதில் வளையும். ஆனால் பெரிய உடலும் தடித்த மேற்பலகையும் கொண்ட கிட்டாரை அதனால் முழுதாக எழுப்ப முடியாது. தந்தியும் மேற்பலகையும் ஒன்றுக்கொன்று அளவெடுத்துத் தைக்கப்பட வேண்டியவை. வரலாற்றில் இதற்கு நல்ல சான்று உண்டு. மார்ட்டின் கிட்டார்களின் தாங்குசட்டங்கள் 1944 வரை நடுவில் குடைந்து இலேசாக்கப்பட்டிருந்தன. வாசிப்பவர்கள் கனத்த தந்தி மாட்டிப் பலகையை உப்பவைத்ததால் பழுதுபார்ப்பு வேலை பெருகியது. நிறுவனம் குடைவதை நிறுத்தியது. அந்தப் பழைய ஒலிக்கு ஏங்கியவர்களுக்காக 1976இல் எச்டி-28 என்ற பெயரில் குடைந்த சட்டம் திரும்பி வந்தது. மரம் மாறவில்லை, தந்திக்காகச் சட்டம் மாறியது, ஒலியும் கூடவே மாறியது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் கிட்டார் என்றால் குடல்தந்திதான். 1915இல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த பனாமா–பசிபிக் கண்காட்சிக்குப் பிறகு அமெரிக்காவில் ஹவாய் இசை மோகம் பிடித்தது. அதோடு எஃகுத் தந்தி பரவியது. 1920களில் மார்ட்டினும் அதற்கேற்பக் கிட்டார் செய்யத் தொடங்கியது. குடல்தந்தியின் முடிவைக் கொண்டுவந்தது போர். இரண்டாம் உலகப்போரில் குடல் முழுவதும் அறுவைச் சிகிச்சைத் தையலுக்குப் போனது. நியூயார்க்கில் வாழ்ந்த ஆல்பர்ட் அகஸ்டின் டூபாண்ட் நிறுவனத்தின் நைலான் இழையைக் கொண்டு தந்தி செய்தார். செவ்வியல் கிட்டார் கலைஞர் ஆந்திரே செகோவியா அதை ஏற்று வாசித்ததும், 1940களின் இறுதிக்குள் செவ்வியல் கிட்டாரில் நைலானே நிலைபெற்றது.

நைலானுக்கும் எஃகுக்கும் உள்ள தூரம், எந்த இரண்டு முதுகு மரங்களுக்கும் உள்ள தூரத்தைவிடப் பெரிது. ஆறு நைலான் தந்திகளின் மொத்த இழுப்பு 40 கிலோவுக்கு அருகில். எஃகுத் தந்திக்கு அது 70க்கு மேல். நைலான் தனக்குள்ளேயே அதிர்வை விழுங்கும் பொருள். அடிப்படைச் சுரத்தோடு கூடவே எழும் மேல் ஓசைகள் அதில் விரைவில் அவிந்து, அடிப்படைச் சுரம் உருண்டையாக நிற்கும். எஃகு மேல் ஓசைகளை நெடுநேரம் காப்பாற்றும். எஃகுத் தந்தி ஒலியின் மினுக்கம் அதனால் வருவது. செவ்வியல் கிட்டாரில் எஃகுத் தந்தி மாட்டினால் பிரிட்ஜ் பிய்ந்து வருவதும் இந்த இழுப்புக் கணக்கால்தான்.

கீழ்த்தந்திகள் சுற்றுத்தந்திகளாக இருப்பதற்குக் காரணம் உண்டு. ஆறாவது தந்தியை வெறும் எஃகில் செய்தால் 1.3 மில்லிமீட்டர் தடித்த கம்பி வேண்டும். அந்தத் தடிமனில் எஃகு வளைய மறுக்கும். அதன் மேல் ஓசைகள் இருக்க வேண்டிய இடத்தைவிட உயர்ந்து, ஒலி பிசகிவிடும். மெல்லிய எஃகு நடுக்கம்பியின் மேல் வேறு உலோகத்தைச் சுருளாகச் சுற்றினால், விறைப்பு கூடாமல் எடை மட்டும் கூடும். ஒலியின் நிறத்தைச் சுற்றும் உலோகம் மாற்றுகிறது. 80 விழுக்காடு செம்பும் 20 விழுக்காடு துத்தநாகமும் சேர்ந்த சுற்று பளிச்சென்று ஒலிக்கும், ஆனால் வியர்வையில் விரைவில் கறுக்கும். டி’அடாரியோ நிறுவனம் 1974இல் கொண்டுவந்த பாஸ்பர் ப்ரான்ஸில் செம்போடு வெள்ளீயமும் சிறிதளவு பாஸ்பரஸும் உண்டு. அதன் ஒலி சற்று வெதுவெதுப்பானது, ஆயுளும் கூடுதல். 1997இல் எலிக்ஸிர் என்ற பெயரில் மெல்லிய நெகிழிப் பூச்சுள்ள தந்தி வந்தது. சுருளின் இடுக்குகளில் அழுக்கு புகாததால் அது நெடுநாள் ஒரே ஒலியில் நிற்கிறது.

அந்த இடுக்கு அழுக்குதான் பழைய தந்தியின் நோய். வியர்வையும் தோல் துகளும் சுருளுக்குள் ஒரே சீராகப் படிவதில்லை. ஓரிடத்தில் எடை கூடும், ஓரிடத்தில் குறையும். மேல் ஓசைகள் அவிந்து, சுருதியும் பிரெட்டுக்கு பிரெட் விலகும். உப்புக்காற்றும் வியர்வையுமாக இருக்கும் சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் இது விரைவில் நடக்கும். கிட்டார் ‘டல்’ அடிக்கிறது என்று மரத்தைக் குறை சொல்பவர், முதலில் தந்தியைக் கட்டைவிரல் நகத்தால் நெடுக வருடிப் பார்க்கலாம்.

பலகைக்கும் ஈரம் பகை. தயாரிப்பாளர்கள் பரிந்துரைக்கும் காற்றீரம் 45 முதல் 55 விழுக்காடு. கடலோரத்தில் அது எளிதாக 70ஐத் தாண்டும். மேற்பலகை ஈரம் குடித்து உப்பும், எடை கூடும், தந்தி விரற்பலகையிலிருந்து உயரும், ஒலி மந்தமாகும். பெட்டிக்குள் வைத்துப் பூட்டுவதும், சிலிக்கா பொட்டலம் போடுவதும் முதுகு மரத்தை மாற்றுவதைவிட அதிகப் பயன் தரும்.

எங்கே மீட்டுகிறோம் என்பதும் கணக்கில் வரும். பிரிட்ஜை ஒட்டி மீட்டினால் மேல் ஓசைகள் பெருகி ஒலி கூர்மையாகும். தந்தியின் சரிபாதியான பன்னிரண்டாம் பிரெட்டுக்கு மேலே மீட்டினால் இரட்டைப்படை ஓசைகள் ஒடுங்கி, ஒலி குழல்போல் மென்மையாகும். ஒரே கிட்டார், ஒரே தந்தி, கை மட்டும் ஒரு சாண் நகர்ந்திருக்கிறது. லங்காஸ்டரின் ஆறு முதுகுகளுக்கும் இடையே இவ்வளவு வேறுபாடு கிடையாது.

ஈட்டி மரத்தின் விலை

பிரேசில் ரோஸ்வுட் கிடைப்பது அரிதானதும் மார்ட்டின் 1969இல் இந்திய ரோஸ்வுட்டுக்கு மாறியது. மற்றவர்களும் அதே வழியில் வந்தார்கள். பிரேசில் மரம் 1992இல், அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் முதல் பட்டியலில் ஏறியதால் அதன் வணிகம் ஏறக்குறைய முற்றிலும் நின்றது. பாரம் முழுவதும் தென்னிந்தியாவுக்கு வந்தது. இந்திய ரோஸ்வுட் என்பதுதான் நீலகிரி, வயநாடு, குடகு மலைகளில் வளரும் ஈட்டி. தோதகத்தி என்றும் சொல்வோம். மெல்ல வளர்வது. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இதை அழிவாய்ப்பு இனம் என்று வகைப்படுத்தியிருக்கிறது. தமிழ்நாட்டில் இந்த ஒரு மரத்தைக் காக்க என்றே 1994ஆம் ஆண்டின் தனிச்சட்டம் வந்தது.

2017 ஜனவரியில் ரோஸ்வுட் பேரினம் முழுவதும் சைட்டிஸின் இரண்டாம் பட்டியலில் ஏறியது. எல்லை தாண்டி விற்கப்படும் ஒவ்வொரு ரோஸ்வுட் கிட்டாருக்கும் அனுமதிச்சீட்டு தேவைப்பட்டது. இசைக்கருவி செய்பவர்கள் முறையிட்டதால், ஜெனீவா மாநாட்டு முடிவின்படி 2019 நவம்பர் முதல் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு விலக்கு கிடைத்தது. நியாயமாகச் சொன்னால், உலகின் ரோஸ்வுட்டைப் பெருமளவு தின்பது மரச்சாமான் தொழில்தான். கிட்டார்கள் எடுப்பது சிறு பங்கு. ஆனால் ‘மிகச் சிறந்த மரம்’ என்ற புகழை ரோஸ்வுட்டுக்குக் கட்டிக் கொடுத்ததில் கிட்டாருக்குப் பங்கு உண்டு.

சட்டம் எவ்வளவு கடுமையாகலாம் என்பதை அமெரிக்கக் கிட்டார் நிறுவனமான கிப்சன் அறிந்தது. அமெரிக்க அதிகாரிகள் 2009இலும் 2011இலும் அதன் ஆலைகளில் சோதனை நடத்தினார்கள். முதலாவது மடகாஸ்கர் கருங்காலி தொடர்பானது. இரண்டாவது இந்தியாவிலிருந்து போன மரம் தொடர்பானது. 2012இல் 3 லட்சம் டாலர் தண்டம் கட்ட உடன்பட்டு கிப்சன் வழக்கை முடித்தது. கருங்காலியிலும் கண்ணின் ஆட்சியே. கோடு ஓடாத முழுக்கறுப்பு விரற்பலகையே உயர்ந்தது என்ற பழக்கத்தால், கேமரூன் காடுகளில் வெட்டிய பின் கோடு தெரிந்த மரங்களை அங்கேயே விட்டுவந்தார்கள். 2011இல் யவுண்டேயில் மர ஆலை ஒன்றை ஒரு கூட்டாளியோடு வாங்கிய டெய்லர் நிறுவனம், கோடு ஓடிய கருங்காலியையும் தன் கிட்டார்களில் பயன்படுத்தத் தொடங்கியது. அதனால் ஒலி கெட்டதாக யாரும் சொல்லவில்லை.

வாங்குபவருக்கு

கையில் உள்ள பணம் அளவானது என்றால் அதை முதலில் சாலிட் ஸ்ப்ரூஸ் அல்லது சீடர் மேற்பலகைக்குக் கொடுங்கள். முதுகு ஒட்டுப்பலகையாக இருந்தாலும், சபேலியாக இருந்தாலும் கவலை வேண்டாம். கடையில் இரண்டு கிட்டார்களை ஒப்பிடும்போது இரண்டிலும் தந்தி ஒரே தடிமனா, ஒரே அளவுக்குப் புதிதா என்று கேளுங்கள். இல்லையென்றால் நீங்கள் ஒப்பிடுவது தந்திகளை. கண்ணை மூடிக்கொண்டு, நண்பரை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். வீட்டில் இருக்கும் கிட்டார் சலித்துவிட்டதென்றால், புதியது வாங்கும் முன் பாஸ்பர் ப்ரான்ஸ் தந்தித் தொகுதி ஒன்றும் வேறு தடிமனில் இன்னொன்றும் மாட்டிப் பாருங்கள். சில நூறு ரூபாயில் முடியும் சோதனை இது.

ரோஸ்வுட் முதுகு அழகானது, உறுதியானது, வளைத்துச் செய்ய வசதியானது. அந்த அழகுக்காக ஒருவர் சட்டப்படி வந்த மரத்தை விரும்பி வாங்குவதில் பிழை காண முடியாது. ஒலிக்காக அது வேண்டும் என்ற வாதம்தான் கண்ணைக் கட்டிச் சோதித்தபோது நிற்கவில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையில் மிஞ்சியிருக்கும் ஈட்டி மரங்கள் நல்ல கிட்டார் ஒலிக்காக வெட்டப்பட வேண்டிய தேவை இல்லை.